பத்து எண்ணி முடிந்ததும் ஒரு சத்தம்

ஆனையூர், மதுரை
6 ஜனவரி 2025

மீனா,

கிழிச்சுப் போடுறதுன்னா போடு. அதுக்கு முந்தி ஒரு தடவை கடைசி வரைக்கும் படிச்சுரு. போன்ல என் நம்பரைத் தடுத்து வச்சிருக்கே, மெயில் போட்டா திரும்பி வருது. உசிலம்பட்டி பஸ் ஏறுனா ஒன்றரை மணி நேரம்தான், ஆனா வாசல்ல கால் வைக்கக்கூடாதுன்னு நீ சொன்னது காதுல இன்னும் கிடக்கு. அதான் தபாலாபீஸ்ல போய் நின்னேன். கவர் குடுத்த அம்மா என்னை ஏற இறங்கப் பாத்துச்சு, இந்தக் காலத்துல இப்படி ஒருத்தனான்னு.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை நம்ம பட்டறையில இன்வெர்ட்டர் புகைஞ்சு போச்சு. அத்தனை பெஞ்சும் இருட்டு. அரை மணி நேரம் கழிச்சு எலெக்ட்ரீசியன் வந்து நேர் லைன்ல குடுத்தாரு. எல்லாம் எரிஞ்சுச்சு. போன்லயே மோட்டாரைப் போடவும் பூட்டவும் நாம செஞ்சு உங்க ஊர் மோட்டார் ரூம்ல மாட்டுன பெட்டிக்கு ஜோடிப் பெட்டி ஒண்ணு நம்ம பெஞ்சுல கிடக்குமே, அதுவும் எரிஞ்சுச்சு. ஆனா நெட்வொர்க்கோட பச்சை லைட்டு வரலை. நான் சும்மா பாத்துக்கிட்டு நின்னேன். பத்து வினாடி போச்சு. பழைய புரோகிராம் ஓட ஆரம்பிச்சு, ரிலே 'டக்'குன்னு விழுந்துச்சு. மோட்டாரைப் போடுற சத்தம். அதைக் கேட்டதும் ஓடிப் போய் சர்வரைத் திறந்தேன் மீனா. அதுல அந்தப் பெட்டி பூட்டுல இருக்கு, மோட்டார் ஓடக்கூடாதுன்னு. பூட்டுல இருக்குற பெட்டி எப்படி மோட்டாரைப் போடும்?

ஆகஸ்ட் பதினாலு அன்னைக்கு, பம்பைச் சரி பண்ண வந்த பிட்டர் அழகுபாண்டி அண்ணன் பம்புல கை மாட்டிச் செத்தப்போ, பெட்டியில குத்தமில்லைன்னு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். அந்தக் கையெழுத்தை வச்சுத்தான், மோட்டாரைப் போட்டது அவருதான்னு உங்க அய்யா மேல கேஸ். இன்னும் எனக்கு எதுவும் முழுசாத் தெரியலை. தெரியாம எழுதக்கூடாதுன்னு நாலு நாளா இருந்தேன், இருக்க முடியலை.

யாசீன்

*

உசிலம்பட்டிக்கு மேற்க
11 ஜனவரி

யாசீன் பாய்க்கு,

அஞ்சு மாசம் கழிச்சு உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்குதாக்கும். எங்க வீட்டுல அஞ்சு மாசமா யாரும் வாய்க்கு ருசியாத் தின்னது கிடையாது.

அன்னைக்குப் போலீஸ்காரக சீல் வச்ச பெட்டியைத் தர மாட்டேன்னாக. "ஜோடிப் பெட்டியில அதே புரோகிராமை ஓட்டிப் பாத்துட்டேன், நாப்பது தடவை நல்லா வந்துருச்சு"ன்னு நீங்க சொன்னீங்க. நான் நம்புனேன். நம்பிட்டு, வீட்டுக்கு வந்து எங்க அய்யாகிட்ட, "குடிச்சுட்டுச் சுவிட்சைப் போட்டியா?"ன்னு கேட்டேன். பெத்த தகப்பனை, இருபத்தஞ்சு வருசமா ஊருக்குத் தண்ணி விடுற மனுசனை, அம்மா முன்னாடி வச்சுக் கேட்டேன். "கை வைக்கலை தாயி, போன்ல பூட்டிட்டுத்தான் டீக்குடிக்கப் போனேன்"னாரு. நான் சிரிச்சேன் பாய். அந்தச் சிரிப்பை எங்க கொண்டுபோய் வைக்க?

இப்ப அவரே ஒத்துக்கிட்டாரு. கார்த்திகை மாசம் சீனியம்மாக்கா வீட்டுக்குப் போய், அழகுபாண்டி பொஞ்சாதி அது, அது கால்ல விழுந்து "நான்தான் போட்டேன்"னு சொல்லிட்டாரு. ஊரே பாத்துச்சு. வக்கீல் மட்டும் கோர்ட்டுல வாதாடலாம்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. பிப்ரவரி பன்னெண்டு வாய்தா.

முடிஞ்சதைத் தோண்ட வேணாம். உங்க பட்டறையையும் வேணாம், கடுதாசியையும் வேணாம்.

கா. முத்துமீனா

கவரை ஒட்டிட்டுப் பிரிச்சேன். நெட்வொர்க் ஏன் வரலைன்னு கண்டுபிடிச்சா எழுதுங்க. எங்க அய்யாவுக்கு விளங்குற மாதிரி எழுதுங்க. இங்கிலீசுல பூசி மொழுக வேணாம்.

*

ஆனையூர்
17 ஜனவரி

மீனா,

பொங்கலுக்குப் பட்டறை மூடிக் கிடந்துச்சு. சாவி வாங்கி நாலு நாள் தனியா உக்காந்தேன். அய்யாவுக்குன்னே எழுதுறேன். நீ படிச்சுக் காட்டு.

அண்ணாச்சி, கரண்டு வந்ததும் பெட்டிக்குள்ள முதல்ல ஒரு சின்ன புரோகிராம் முழிக்கும். பூட்லோடர்னு சொல்லுவோம். அது மதுரையில இருக்குற எங்க சர்வர்கிட்ட, "பூட்டியிருக்கா, போடலாமா?"ன்னு கேக்கும். பூட்டுன்னா சும்மா கிடக்கும். பத்து வினாடியில பதிலே வரலைன்னா, ஊருக்குத் தண்ணி நிக்கக்கூடாதேன்னு, உள்ள இருக்குற பழைய புரோகிராமை ஓட விட்டுரும். அந்தப் பழசுக்குப் பூட்டுன்னா என்னன்னே தெரியாது. தொட்டி காலியா இருந்தா மோட்டாரைப் போடும். அதுக்கப்புறம்தான் நெட்வொர்க்கைத் தானா எழுப்பும்.

சர்வரைக் கூப்பிடணும்னா நெட்வொர்க் சிப்பை எழுப்பணும். எழுப்புறதுக்கு ஒரே பேர்ல ரெண்டு துண்டு புரோகிராம் இருக்கு, பங்ஷன்னு சொல்லுவோம். ஒண்ணு, புரோகிராமோட வர்ற காலிப் பங்ஷன். ஒண்ணுமே செய்யாது, "சரி"ன்னு மட்டும் சொல்லும். அதுக்கு வீக்னு, பலமில்லாததுன்னு, ஒரு அடையாளம் போட்டிருக்கும். சொந்தமா ஒண்ணு எழுதிக் குடுத்தா வழிவிட்டு ஒதுங்கிக்கும். இன்னொண்ணு நம்ம போர்டுக்குன்னு நான் எழுதுனது, நெசமாவே சிப்பை எழுப்புறது. எல்லாத்தையும் கோத்து ஒண்ணாக்குறதுக்கு லிங்கர்னு ஒண்ணு இருக்கு. ஜூன் வரைக்கும் அது என் பங்ஷனைத்தான் எடுத்துச்சு.

ஜூலையில நான் ஒரு வேலை பண்ணேன். பைல் எல்லாம் இறைஞ்சு கிடக்குதேன்னு, பதினோரு பைலைச் சேத்து ஒரே லைப்ரரியா மூட்டை கட்டுனேன். யாரும் சொல்லலை. அழகா இருக்கட்டும்னு நானாப் பண்ணது. லிங்கர் மூட்டையை எப்பப் பிரிக்கும் தெரியுமா? ஏதாவது குறைஞ்சாத்தான் பிரிக்கும். அந்தப் பேர்ல ஏற்கனவே காலிப் பங்ஷன் இருக்குல்ல? குறையலைன்னு போயிருச்சு. அலமாரியில உப்பு டப்பா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு, உள்ள உப்பு இருக்கான்னு பாக்காமப் போற மாதிரி. எரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. எதை எங்கிருந்து எடுத்தேன்னு லிங்கர் எழுதி வைக்கிற மேப் பைல்ல பாத்தாத்தான் தெரியும். இப்பப் பாத்தேன். என் பேர் போட்ட பைல் அதுல இல்லவே இல்லை.

அப்ப பெஞ்சுல எப்படி நாப்பது தடவையும் வந்துச்சு? மீனா, இது உனக்கு. நான் நாப்பது தடவையும் ரீசெட் பட்டனைத்தான் அமுக்குனேன். ஜூன்ல எழுப்புன சிப்பு, கரண்டே போகாததால முழிச்ச மேனிக்கே கிடந்துச்சு. ரீசெட் பண்ணா அது தூங்காது, கரண்டை அணைச்சாத்தான் தூங்கும். நாம யாரும் கரண்டை அணைக்கிறதே கிடையாது. ஏன்னு உனக்கே தெரியும். பெஞ்சு சுவிட்சு மேல அந்தத் தாளு இன்னும் ஒட்டியிருக்கு.

உங்க ஊர்ப் பெட்டியிலயும் அதே கதைதான். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, ஓடிக்கிட்டு இருக்கும்போதே, மூட்டை கட்டுன புதுசை இங்கிருந்து அனுப்புனோம். அஞ்சு நாளும் கரண்டு போகலை. பதினாலாம் தேதி மாசாந்திரக் கரண்டு கட்டு. புதுசு போனதுக்கப்புறம் அப்பத்தான் சிப்பு முதல் தடவையாத் தூங்குச்சு. சொன்ன நேரத்துக்கு முந்தியே கரண்டு வந்தப்போ எழுப்ப ஆளில்லை, பத்து வினாடியில மோட்டார் ஓடிருச்சு.

அய்யா சுவிட்சைத் தொடலை. நான்தான் தொட்டேன், ஜூலையிலேயே, இங்க உக்காந்துக்கிட்டு.

யாசீன்

*

உசிலம்பட்டிக்கு மேற்க
22 ஜனவரி

யாசீன்,

அந்தத் தாளைக் கிழிக்காதே. அப்படியே போட்டோ எடு. "யாரும் சுவிட்சை அணைக்காதீங்க. கை வச்சா கை இருக்காது. மீனா." சிவப்பு ஸ்கெட்ச்சுல எழுதுனேன். கூட்டுற அக்கா பெஞ்சைத் துடைக்கிறேன்னு சுவிட்சை அணைச்சு, என் ரெண்டு நாள் டெஸ்ட்டு பாழாப் போச்சுன்னு வந்த கோவம். எம்புட்டு சிரிச்சோம் அன்னைக்கு. அழகுபாண்டி அண்ணனுக்குப் போனது வலது கை. சாயங்காலம் உசுரு.

நீ ஒரு மூட்டை கட்டுனே. நான் என்ன பண்ணேன்னு கேளு. கரண்டு கட்டு அன்னைக்குத்தான் எங்க பக்கம் பம்பு வேலை எல்லாம் நடக்கும். கரண்டு ஒன்பது மணிக்குப் போயிரும், பிட்டரைக் கூப்பிட்டுத் தண்ணி ஒழுகாம அடைக்கிற கிளாண்ட் கயிறு மாத்துறது, போல்ட்டு முடுக்குறது எல்லாம் அப்பத்தான். அய்யா இருபத்தஞ்சு வருசமா ஒரு வழக்கம் வச்சிருந்தாரு. மோட்டாருக்குக் கரண்டு போற பீஸ் கட்டை மூணையும் புடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்குவாரு. பிட்டர் மேல ஏறி வந்து பீடி பத்த வச்சாத்தான் திருப்பி மாட்டுவாரு. ஜூன்ல பெட்டியை மாட்டுன அன்னைக்கு நான் சொன்னேன்: "இன்னும் எதுக்குய்யா கட்டையைப் பையில போட்டுக்கிட்டுச் சட்டையைக் கிழிக்கிற? போன்ல பூட்டுனாப் போதும்." ஜூலை மாசக் கட்டுல பூட்டு நல்லா வேலை செஞ்சுச்சு. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலைஞ்சாரு, "என் மக செஞ்ச பெட்டி"ன்னு.

உன் கடுதாசியை அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். குதிப்பாரு, என்னை நாலு வார்த்தை ஏசுவாருன்னு பாத்தேன். முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "அந்தத் தாளை எழுதுனது நீதானா தாயி?" ஆமான்னேன். "கடுதாசியை அடுப்புல போடு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. எனக்கு ஒண்ணும் விளங்கலை. அடுப்புல போடலை, பீரோவுல இருக்கு.

நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். இந்த அம்புட்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேப் தாளோட பன்னெண்டாம் தேதிக்கு முந்தி வக்கீல்கிட்டக் குடு. முதல்ல போட்ட கையெழுத்தும் உன்னுதுதான். அதை நீதான் அழிக்க முடியும்.

இன்னொண்ணு. சீல் வச்ச பெட்டிக்குப் பதிலா இப்ப மோட்டார் ரூம்ல மாட்டியிருக்கீங்களே, அதுலயும் அதே புரோகிராம்தானே?

மீனா

*

ஆனையூர்
4 பிப்ரவரி

மீனா,

லேட்டு. தெரியும்.

ஆமா, அதுலயும் அதேதான். இடையில வந்த கட்டுல எல்லாம் அது தானா ஓடியிருக்கும், பம்புல யாரும் கை வைக்காததால தெரியலை. சரி பண்ண புரோகிராம் ரெடியா வச்சிருக்கேன். ஒரே ஒரு வரி மாத்துறதுதான், வேலையே இல்லை. ஓனர்கிட்டச் சொன்னேன். கதவைச் சாத்திட்டு உக்காரச் சொன்னாரு. "இப்பப் போய் மாத்துனா நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். கேஸ் முடியட்டும். அவரே ஒத்துக்கிட்டாராமே, உனக்கென்ன?"ன்னாரு. அப்புறம், "முதல் அறிக்கை பொய்யின்னா முதல்ல உள்ள போறது நீதான், யோசிச்சுக்க"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

யோசிச்சேன். அதான் தப்பு. ஆயிஷாவுக்கு எட்டாம் மாசம். டாக்டரம்மா அவளைப் படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அத்தா தொழுதுட்டு வந்து "என்னடா மொகம் இப்படிக் கிடக்கு?"ன்னு கேக்குறாரு, ஒண்ணுமில்லைன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. எழுதிட்டேன் மீனா, நாலு பக்கம். கையெழுத்து மட்டும் போடலை. பிள்ளை பொறக்கட்டும். வக்கீல்கிட்டச் சொல்லி ஒரு வாய்தா மட்டும் தள்ளி வாங்கச் சொல்லு. ஒரு மாசம் போதும். அல்லா மேல ஆணையா அதுக்கு மேல கேக்க மாட்டேன்.

யாசீன்

*

உசிலம்பட்டிக்கு மேற்க
13 பிப்ரவரி

யாசீன்,

இனி வாய்தா தேவையில்லை.

நேத்து வக்கீல் தள்ளி வாங்கத்தான் எந்திரிச்சாரு. அதுக்குள்ள அய்யா கையைக் கூப்பி, "நான்தான் சாமி போட்டேன், குடிச்சிருந்தேன்"னு சொல்லிட்டாரு. ஜட்ஜ் மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் அதேதான். ஒரு வருசம் ஜெயிலு.

கூட்டிட்டுப் போறதுக்கு முந்தி ரெண்டு நிமிஷம் பேச விட்டாக. ஏன்யா இப்படிப் பண்ணேன்னு கத்துனேன். அவரு சொன்னதை அப்படியே எழுதுறேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. நான் கை வைக்கலை. என் கை இல்லைன்னா அது பெட்டிதான். பெட்டி உன்னுது. உன்னையல்லவா புடிச்சுட்டுப் போவாக? அந்தத் தாளு வேற உன் கையெழுத்தாமே."

உன் கடுதாசியை நான் படிச்சுக் காட்டாம இருந்திருக்கலாம். அன்னைக்கு வரைக்கும் வக்கீல் சொல்றதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.

குடிச்சியான்னு நான் கேட்டேன்ல. அதையும் சேத்துச் சொல்லிட்டாரு கோர்ட்டுல.

மீனா

*

ஆனையூர்
18 பிப்ரவரி

மீனா,

ஏசி ஒரு கடுதாசியாவது போட்டிருக்கலாம் நீ. ஏசாம எழுதியிருக்கே பாரு, அதைத்தான் தாங்க முடியலை.

நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன். வக்கீல்கிட்ட ஒண்ணு, போலீஸ் ஸ்டேஷன்ல ஒண்ணு. மேப் தாளும், உன் சிவப்பு ஸ்கெட்ச்சுத் தாளோட போட்டோவும் சேத்தாச்சு. ஆயிஷாகிட்ட அன்னைக்குத்தான் எல்லாத்தையும் சொன்னேன். படுத்த வாக்குலயே கையை நீட்டி, அலமாரியில இருந்த பேனாவை எடுத்துக் குடுத்தா. இதை ஜனவரியிலேயே அவகிட்டச் சொல்லியிருந்தா, ஜனவரியிலேயே குடுத்திருப்பா. அவளைக் காட்டி நான் ஒளிஞ்சுக்கிட்டேன். அம்புட்டுதான் உண்மை.

வக்கீல் முகத்தைச் சுளிச்சாரு. "குத்தத்தை ஒத்துக்கிட்ட ஆளுக்கு மேல் கோர்ட்டுல போய் என்னத்தைச் சொல்ல? போட்டுப் பாப்போம், நாளாகும்"ன்னாரு. பத்து நாளைக்கு முந்தி இந்தக் காகிதம் கையில இருந்திருந்தா வேற கதைன்னும் சொன்னாரு. சொல்லாம இருந்திருக்கலாம்.

வேலையும் போச்சு. அதுக்காக அழுகலை. ஆனா போற அன்னைக்கே என் பாஸ்வேர்டை அடைச்சுட்டாங்க. உங்க ஊர்ப் பெட்டிக்கு இனி என்னால ஒண்ணும் அனுப்ப முடியாது. பேப்பர்ல பாத்தேன், மார்ச் அஞ்சாம் தேதி உங்க பக்கம் கரண்டு கட்டு, ஒன்பதுல இருந்து ரெண்டு வரைக்கும். பஞ்சாயத்துக்கும் ரெஜிஸ்டர் தபால்ல எழுதியிருக்கேன். படிப்பாங்களான்னு தெரியாது. யாரையும் அன்னைக்குப் பம்பு பக்கம் போக விடாதே மீனா. உன் கால்ல விழுந்து கேக்குறேன்.

யாசீன்

*

உசிலம்பட்டிக்கு மேற்க
5 மார்ச், சாயங்காலம்

யாசீன்,

முந்தாநாள் ஜெயில்ல அய்யாவைப் பாத்தேன். இளைச்சுட்டாரு. உன் காகிதம் கோர்ட்டுக்குப் போனதைச் சொன்னேன். காதுல வாங்கலை. அம்மா சாப்பிடுதான்னு கேட்டாரு. அப்புறம், "மோட்டார் ரூம்ல இப்ப யாரு தாயி பீஸைப் புடுங்குறா?"ன்னாரு. யாரும் புடுங்குறதில்லைய்யா, பாண்டிராஜ்னு புது ஆபரேட்டர், போன்லதான் பூட்டுறாருன்னேன். அய்யா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. "உன்னை நான் எதுக்கு வெளிய விட்டுட்டு வந்தேன்?"ன்னாரு.

திரும்பி வந்து சீனியம்மாக்கா வீட்டுக்குப் போனேன். உன் கடுதாசியை ஆரம்பத்துல இருந்து படிச்சேன். அதுக்கு மூட்டையும் லிங்கரும் எங்க விளங்கப் போகுது. எங்க அய்யா காசிமாயன் கை வைக்கலைங்கிறது மட்டும் விளங்குச்சு. "உங்க அய்யா வந்து கால்ல விழுந்ததுல இருந்து ஏசுறதுக்காவது ஒரு ஆள் இருந்தாரு. இப்ப நான் யாரைடி ஏச?"ன்னுச்சு. என்னை ஏசுக்கான்னேன். ஏசலை. பஞ்சாயத்துக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுன்னு மட்டும் சொல்லுச்சு.

நேத்து ரெண்டு பேருமாப் போனோம். பஞ்சாயத்துல உன் ரெஜிஸ்டர் தபாலை யாரும் பிரிக்கலை. "கேஸ்தான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கும்மா பெட்டியைக் குத்தம் சொல்லிக்கிட்டு?"ன்னாக.

இன்னைக்கு ஒன்பது மணிக்குக் கரண்டு போச்சு. பாண்டிராஜ் போன்ல பூட்டிட்டு, கிளாண்டுல தண்ணி ஒழுகுதுன்னு பம்பு பக்கத்துல குத்த வச்சு உக்காந்துட்டாரு. அழகுபாண்டி அண்ணன் உக்காந்த அதே இடம். எந்திரிங்கன்னேன். "காசிமாயன் மகளுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு, போம்மா"ன்னாரு. நான் போர்டைத் திறந்து மூணு பீஸ் கட்டையையும் புடுங்கிக் கைப்பையில போட்டேன். கத்துனாரு. கத்தட்டும்னு வாசப்படியில உக்காந்துக்கிட்டேன்.

ரெண்டு மணிக்கு வர்ற கரண்டு ஒன்னு இருபதுக்கே வந்துருச்சு, அன்னைக்கு மாதிரியே. அவரோட ரெண்டு கையும், மோட்டாரையும் பம்பையும் சேக்குற காப்ளிங் மேல இருந்துச்சு. பெட்டிக்கு லைன் தனியா வருதுல்ல, அது எரிஞ்சுச்சு. பச்சை லைட்டு வரலை. நான் சத்தமா எண்ணுனேன் யாசீன். ஒண்ணு, ரெண்டுன்னு. பாண்டிராஜ் நிமிந்து பாத்தாரு. பத்துன்னு சொல்லி வாயை மூடலை, பெட்டிக்குள்ள 'டக்'குன்னு விழுந்துச்சு.

மோட்டார் அசையலை. அசைக்க வேண்டியதுதான் என் பையில இருக்கே.

போன்ல பாருங்கன்னேன். பூட்டுன்னு காட்டிக்கிட்டு இருந்துச்சு. பாண்டிராஜ் கையை ரெண்டையும் எடுத்து வேட்டியில துடைச்சாரு, துடைச்சுக்கிட்டே இருந்தாரு. கடைசியில, "காசிமாயன் அண்ணனை நானும் சேந்துதானேம்மா ஏசுனேன்"னாரு. வந்து சாட்சி சொல்லுவீங்களான்னு கேட்டேன். தலையாட்டுனாரு. அந்தத் தலையாட்டு நாளைக்கும் இருக்கணும்.

இதை ராத்திரி மதுரை பஸ் கண்டக்டர் கையில குடுத்து விடுறேன், தபால்ல பதில் போடாதே. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு வா. மேப் தாளை எடுத்துக்க. வாசல்ல கால் வைக்கலாம்.

கட்டை மூணையும் இன்னும் திருப்பிக் குடுக்கலை. குடுக்கவும் மாட்டேன். ராத்திரிக்குத் தொட்டி வத்திரும். விடிஞ்சா ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு எங்க வாசலுக்கு வரும், தண்ணி எங்கடின்னு கேக்க. ஆறேழு மாசமா எங்க வாசப்பக்கம் எட்டிப் பாக்காதவக எல்லாம் வருவாக. வரட்டும். வந்து நிக்கட்டும்.

மீனா